ஒரு அட்டை ஆக்சுவலா

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன் திண்ணையில் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். "ஆக்சுவலா மாமா, பேசிக்கலா நாங்க என்ன பண்றோம்னா, லைக்..."

நான் நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுகிறவன். மடியில் நோட்டு, காதில் செருகிய பேனா. கை சும்மா இருக்குமா? அவன் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாய் உதிர்க்க உதிர்க்க, ஒவ்வொரு கோடு போட்டேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. காபி ஆறுவதற்குள் 19 ஆகிவிட்டது. முட்டை அட்டைக்கு 30 குழி. பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

'ஆக்சுவலி' நம்மூர்த் தண்ணீரைக் குடித்து 'ஆக்சுவலா' ஆகி வெகுநாள் ஆயிற்று. 'உண்மையில்' என்று பொருளாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மை வந்து நான் கேட்டதில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில், "ஆக்சுவலா நேத்தே முடிஞ்சிருக்கணுங்க" என்றால், உள்ளே வண்டி இன்னும் வெறும் சேஸிஸாக நிற்கிறது என்று அர்த்தம்.

பையனை மட்டும் குறை சொல்வானேன்? பொருள் இல்லாமல் இடத்தை நிரப்பும் சொல்லுக்கு நம்மவர்கள் 'அசைச்சொல்' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். தொல்காப்பியர் இடையியலில் அரோ, போ, மாது என்று பட்டியலே போட்டிருக்கிறார். ஆனால் புலவர்களுக்குச் சீர் தட்டியது, 'அரோ' போட்டார்கள். இவனுக்கு என்ன தட்டுகிறது?

என் யோக்கியதையும் தெரிந்ததே. பண்ணைக்கு வருமுன் 30 வருடம் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. 'வித் ரெஃபரன்ஸ் டு த சப்ஜெக்ட் சைட்டட் அபோவ், ஐ ஆம் டு இன்ஃபார்ம் யூ தட்' என்று தொடங்காமல் ஒரு கடிதம் எழுதியதில்லை. முடிவில் 'ஃபார் யுவர் கைண்ட் இன்ஃபர்மேஷன் அண்ட் நெசசரி ஆக்‌ஷன்'. நடுவில் இருந்த சங்கதி ஒன்றே ஒன்று: மின்விசிறி ஓடவில்லை. அது கடைசிவரை ஓடவுமில்லை.

அசையே இல்லாத பேச்சு கேட்க வேண்டுமென்றால் நாமக்கல்லில் முட்டை விலை கேட்க வேண்டும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் வந்ததிலிருந்து விலை என்றால் ஒரு எண்தான். ஐந்து ரூபாய் பத்து காசு என்றால் ஐந்து பத்து. 'பேசிக்கலா ஐந்து பத்து' என்று ஒரு வியாபாரியாவது சொல்லட்டும், பத்து காசு குறைத்துக் கேட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளையிடமும் சோதித்துப் பார்த்தேன்.

"பெங்களூர்ல வீட்டு வாடகை எவ்வளவு மாப்ள?"

"இருபத்தெட்டாயிரம் மாமா."

பளிச்சென்று வந்தது. ஒரு கோடுகூட விழவில்லை. உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் கண்ஜாடை புரிந்து அடுத்ததைக் கேட்டேன்.

"கல்யாணம் எப்ப?"

அந்த ஒரு பதிலுக்கு மட்டும் 11 கோடு. அட்டை நிறைந்துவிட்டது.