மலையுச்சியில் கைவிரித்தல்

ரியோ டி ஜெனிரோவுக்குச் சுற்றுலாச் செல்வோர் முதலில் கோர்கோவாடோ மலையில் ஏற வேண்டுமா, சர்க்கரைக் குன்றில் ஏற வேண்டுமா என்னும் வினாவுக்கு ஐயத்துக்கு இடமற்ற விடையொன்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆயினும் அவ்விடைக்குச் செல்வதற்கு முன், கோர்கோவாடோவின் உச்சியில் அண்மையில் கட்டுரையாளரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்ட புறங்கை எந்த நியாயத்தின்படி அந்த இடத்தில் நீண்டிருந்தது என்பதைச் சுருக்கமாக ஆராய்வது முறையாகும்.

700 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள அந்தப் பாறைச் சிகரத்தில் நிற்பது 'மீட்பரான கிறிஸ்து' என வழங்கும் சிலை. பிரெஞ்சுச் சிற்பி பால் லாண்டோவ்ஸ்கி வடிவமைக்க, பிரேசில் பொறியாளர் எய்டோர் த சில்வா கோஸ்டா கட்டி முடிக்க, 1931 அக்டோபர் 12ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. உள்ளே இரும்புக் கம்பியால் வலுவூட்டிய கான்கிரீட். வெளியே, நம் பாட்டிமார் கல்சட்டியாகப் புழங்கிய அதே மாக்கல், சிறு சிறு முக்கோணத் துண்டுகளாக நறுக்கி ஒட்டப்பட்டுள்ளது. பீடம் நீங்கலாகச் சிலையின் உயரம் 30 மீட்டர், விரித்த கைகளின் அகலம் 28 மீட்டர். மனிதர் இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனி முதல் மறு விரல்நுனி வரையுள்ள நீளம் அவரது உயரத்துக்கு ஏறத்தாழச் சமமாகும் என்பதால், சிலையின் விகிதமும் அதன் முன் நிற்பவரின் விகிதமும் பெரிதும் ஒத்துப்போகின்றன. இந்த ஒற்றுமையே எல்லாத் துன்பத்துக்கும் மூலம்.

அங்கு நிகழும் கைவிரித்தலை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை; அவரவர் கைப்பேசியிலேயே, அச்சிலையோடு இல்லாவிட்டாலும் வேறொரு கோபுரத்தோடோ மகாலோடோ, தக்க சான்று கிடைக்கும். இதில் ஈடுபடுவோர் இரு வகுப்பினர். சிலைக்கு முதுகைக் காட்டி நிற்பவரை 'விரிப்பவர்' என்றும், 30 மீட்டர்ச் சிலையும் ஐந்தடி மனிதரும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டுமென்று தரையில் மல்லாந்து கைப்பேசியை வானோக்கிப் பிடிப்பவரைப் 'பள்ளிகொண்டவர்' என்றும் இக்கட்டுரை குறிக்கும்.

விரிப்பவருள் முழுவிரிப்பினர், தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் நிற்க, சிலையைப் போலவே தலையைச் சற்றுத் தாழ்த்தி, முந்தைய கணம்வரை தண்ணீர் பாட்டிலுக்காகச் சண்டையிட்ட முகத்தில் உலகுக்கே அருள்பாலிக்கும் களையை வரவழைத்துக்கொள்வர். தோள்மூட்டு ஒத்துழைக்காத நடுவயதினர் அரைவிரிப்பினர் ஆவர். முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து உள்ளங்கைகளை மட்டும் இருபுறமும் காட்டும் இவர்களது படத்தைப் பின்னாளில் காண்பவர், கடன் கேட்டு வந்த உறவினருக்கு இவர்கள் பதில் சொன்ன தருணத்தில் அது எடுக்கப்பட்டது என்றே கருதுவர். இக்கட்டுரையின் ஆசிரியரும் இவ்வகுப்பைச் சேர்ந்தவரே எனச் சாட்சியங்கள் கூறுகின்றன. தம்பதியர் ஆளுக்கொரு கையை வெளிப்புறம் நீட்டி, எஞ்சிய கையால் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து ஒரே சிலையாவதுண்டு. இதில் கணவரின் கை எந்நாட்டவராயினும் ஒரு சாண் தாழ்ந்தே நிற்பதால், மனைவி எட்டி அதை உயர்த்துவதும், அவர் தம் இடத்துக்குத் திரும்புவதற்குள் அது மறுபடி இறங்குவதும் இடைவிடாமல் தொடரும். குடும்பமாக வருவோர் ஒருவர் பின் ஒருவராக நின்று, கைகளை வெவ்வேறு கோணங்களில் நீட்டிப் பன்னிரு கையுடைய ஆறுமுகனாகத் தோன்ற முயல்வர். வரிசையின் கடைசியில் நிற்கும் தாத்தாவின் கை மட்டும் எந்தக் கணக்கிலும் சேராமல் இடுப்பருகே தொங்கும். கையை விரிக்க மறுத்து அழும் குழந்தையிடம் எல்லா மொழிகளிலும் ஒரே தொனியில் கெஞ்சப்படுகிறது.

பள்ளிகொண்டவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வெயிலில் காய்ந்த தளத்தில் முதுகை வைத்து, பின்னந்தலையைத் தரையில் ஊன்றி, மேலே செல்வோரின் செருப்படிகளை எண்ணியபடி அவர் எடுக்கும் முதற்படத்தில் சிலைக்குத் தலை இராது; இரண்டாவதில் விரிப்பவருக்குக் கால் இராது; மூன்றாவதில் எல்லாம் இருக்கும், கூடவே அவருடைய விரலும் இருக்கும். நான்காவது படம் அமையும் கணத்தில் பக்கத்து விரிப்பவரின் கை ஒன்று குறுக்கே நீண்டுவிடுவதால், தொகுப்பில் எஞ்சுவது மூன்று கைகளுடைய அத்தை ஒருவரே. அதன்பின் இருவரும் கைப்பேசித் திரைமீது கவிழ்ந்து, வெயிலில் ஒன்றும் தெரியாமல், கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று வழக்காடி, முடிவில் வேடங்களை மாற்றிக்கொள்கின்றனர்: விரித்தவர் பள்ளிகொள்ள, பள்ளிகொண்டவர் எழுந்து முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு விரிக்கிறார். ஒருவர் கைகளை முழுமையாக விரிக்க ஒன்றரை மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஆனால் அந்த மேடையில் அவர்கள் தோளோடு தோள் உரச நிற்கின்றனர். இந்நிலையில் புறங்கைகள் எங்கே செல்லும் என்பதைக் கணிக்கப் பெரிய வடிவியல் அறிவு தேவையில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாலே போதும்.

இவ்வளவும் நடக்கும்போது மேடையின் கீழே குவானபரா விரிகுடா முழுவதும் விரிந்து கிடக்கிறது. போட்டாஃபோகோ கரையின் வளைவு, ரோட்ரிகோ டி ஃப்ரெய்தாஸ் ஏரி, 1950 உலகக்கோப்பைக்காகக் கட்டப்பட்ட மாரகனா அரங்கம், 1974இல் திறக்கப்பட்டு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளும் நிட்டெரோய் பாலம் ஆகியன அங்கிருந்தே தெரிகின்றன. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த நிலக்காட்சியை யுனெஸ்கோ 2012இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பள்ளிகொண்டவரின் பார்வை வானில். விரிப்பவர் கடலை நோக்கி நின்றாலும் அவர் காண்பது லென்ஸை. நீட்டிய கைக்கு வரும் கேட்டைச் சிலையே அறிந்திருக்கிறது: 2014 சனவரியில் இடி விழுந்து அதன் வலக்கைக் கட்டைவிரல் நுனி சிதைந்தது. அந்தச் செய்தி கீழே நிற்கும் எந்தக் கட்டைவிரலையும் அச்சுறுத்தியதாகத் தெரியவில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினா நிலுவையில் உள்ளதை இக்கட்டுரை மறக்கவில்லை. ஆனால் மலையேறும் வழியைச் சொல்லாமல் வரிசையைச் சொல்வது பொருந்தாது. 1884இல் பேரரசர் இரண்டாம் பெத்ரு முன்னிலையில் தொடங்கிய பற்சக்கர இருப்புப்பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையை வண்டியின் சக்கரம் கவ்வி ஏறும், நீலகிரி மலை ரயிலிலும் உள்ள அமைப்பு, திஜுக்கா காட்டின் ஊடாகச் செல்கிறது. காப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவின் மரங்களை வெட்டியதால் ஊற்றுகள் வற்றி நகரில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்படவே, 1861 முதல் மனுவேல் கோமிஸ் ஆர்ச்சர் என்பவரின் மேற்பார்வையில், அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் கைகளால் மீண்டும் நட்டு வளர்க்கப்பட்ட காடு இது. போர்த்துகீசியர் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற பலா அங்கே அளவுமீறிப் பெருகி, நாட்டு மரங்களை நெருக்கும் களையாகவே கருதப்படுகிறது. பாதையோரம் பழுத்து விழுந்து பிளந்த பலாவின் மணம் பெட்டிக்குள் புகும்போது, பண்ருட்டிப் பக்கத்து மூக்குடைய எவரும் எழுந்து நின்றுவிடுவர். மற்றவர்களோ ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, மறு கையால் கைப்பேசியின் நினைவகத்தில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருக்கின்றனர்.

மேகம் மூடிய நாட்களில் உச்சியில் சிலையே தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் முகவர் செய்வதும் கைவிரித்தலே. இருப்பினும் விரிப்பவர் விரிக்கத் தவறுவதில்லை. அவர் ஊருக்கு அனுப்பும் படத்தில் வெண்மையான ஒன்றுமில்லாமையின் நடுவே ஒருவர் கைகளை அகட்டி நிற்க, உறவினர் அனைவரும் அதற்குப் பெருவிரல் உயர்த்துகின்றனர்.

சர்க்கரைக் குன்று 396 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலை. பேச்சுவழக்கில் ரோப் கார் எனப்படும் கம்பிவட ஊர்தி 1912 முதல் அங்கு ஓடுகிறது. முதலில் உர்கா குன்று, அங்கிருந்து வேறொரு வண்டியில் உச்சி என இரு கட்டமாக ஏற வேண்டும். 1979இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் எஃகுப் பல் வில்லன் கடித்து அறுத்தது இந்தக் கம்பிவடத்தையே. இன்று பயணிகள் கண்ணாடியில் கைப்பேசியை அழுத்தி எடுக்கும் காணொளிகளில் விரிகுடாவைவிட அவர்களது சட்டையின் பிரதிபலிப்பே தெளிவாகத் தெரிகிறது. கோபகபானா கடற்கரை நடைபாதையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் அமைந்த அலைக்கோலத்துக்கு 1970ஆம் ஆண்டு வாக்கில் புதுவடிவு கொடுத்தவர் நிலத்தோட்டக் கலைஞர் ரொபெர்ட்டோ புர்லே மார்க்ஸ். அக்கலைப்படைப்பு பெரும்பாலும் படமாக்கப்படுவது இரண்டு ரப்பர் செருப்புகளுக்குப் பின்னணியாக. சனிக்கிழமை மதியங்களில் பரிமாறப்படும் ஃபெய்ஜோவாடா, அதாவது கறுப்பு பீன்ஸோடு பன்றியிறைச்சி சேர்த்து வேகவைத்த குழம்பு, சோறும் வறுத்த மரவள்ளி மாவும் ஆரஞ்சுத் துண்டுகளும் சூழ ஆவிபறக்க வருகிறது. எல்லாக் கோணங்களிலும் எடுத்து முடிப்பதற்குள் அதன்மேல் கொழுப்பு ஆடை கட்டிவிடுகிறது.

நகரின் மேற்கே பாஹா டி குவராட்டிபாவுக்கு மேலுள்ள தந்திப் பாறை இத்துறையின் உயர்நிலைப் பள்ளியாகும். பாறையின் விளிம்பைப் பற்றித் தொங்கினால் கடலுக்கு மேல் உயிர் ஊசலாடுவது போலப் படம் அமையும். உண்மையில் தொங்குபவரின் பாதத்துக்குச் சற்றுக் கீழேயே உறுதியான தரை உள்ளது. அந்த ஆபத்தில்லாத ஆபத்துக்காக மக்கள் வெயிலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, முறை வந்ததும் முகத்தில் மரணபயத்தைக் காட்டி, இறங்கியதும் படம் சரியில்லை என்று மறுபடி தொங்க அனுமதி கேட்கின்றனர். வரிசையில் நிற்போர் முகத்தில் அப்போது தெரியும் கொலைவெறி மட்டுமே அங்குள்ள கலப்படமற்ற உணர்ச்சி.

கோபகபானாவுக்கும் இபனேமாவுக்கும் இடையே கடலுக்குள் நீளும் அர்ப்போவடோர் பாறையில், கோடை மாலைகளில் சூரியன் மறையும்போது கூடியிருப்போர் கைதட்டும் வழக்கம் உண்டு. கைதட்ட இரு கைகளும் தேவை என்பதால், அங்கேனும் கைப்பேசி பைக்குள் போகும் என எதிர்பார்ப்பது பகுத்தறிவுக்கு ஒத்ததே. மக்களோ அதை முக்காலி மேல் ஏற்றி, தாம் கைதட்டுவதைத் தாமே பதிவுசெய்யும்படி நிறுத்திவிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டிக் கைதட்டுகின்றனர். அத்தகைய முக்காலியின் கால் ஒன்று கட்டுரையாளரின் பாதத்தின் மேல் ஊன்றியிருப்பதை அதன் உரிமையாளரிடம் சுட்டிக்காட்டியபோது, பதிவு முடியும்வரை அசையாதிருக்குமாறு அவர் சைகை காட்டினாரேயன்றி அதை எடுக்கவில்லை.