மன்னார் வளைகுடாவும் புளியோதரையும்: ஒரு முன்னாய்வு

'சிக்கனச் சுற்றுலா' எவ்வகைத் தொகை என்பதில் இலக்கணிகள் ஒத்துப்போவதில்லை. மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம்: மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்கா ஆயிற்று. இவற்றுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்கும் சுவருக்கும் பவளப்பாறையைப் பெயர்த்தது முக்கியக் காரணம் என்கிறார்கள். காசு கொடுத்துக் கல் வாங்காமல் கடலை வெட்டி வீடு கட்டிய அவர்களே சிக்கனத் துறையின் முன்னோடிகள்.

போக்குவரத்து: ரயில்.

தங்குமிடம்: ராமேஸ்வரத்தில் மாமா வீடு. மாமா இல்லாதவர்கள் இவ்வியலைத் தாண்டிச் செல்க.

உணவு: ஏழு பேர், ஆளுக்கு மூன்று, ஆக 21 புளியோதரைப் பொட்டலம். தீவுகளின் எண்ணிக்கையும் இதுவே என்பது தற்செயலன்று. இங்கு எழும் வினா, புளியோதரை எத்தனை நாள் தாங்கும்? நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிளறினால் மூன்று நாள் (அத்தை, வாய்மொழி, எழும்பூர்). ஒன்றரை நாளே (பெரியப்பா, 'மறுப்புரை', மேல் படுக்கையிலிருந்து கீழ் படுக்கைக்கு, மானாமதுரைக்கு முன்). "உங்க அம்மா கிளறினா ஒன்றரை நாள்" (அத்தை, 'மறுப்புக்கு மறுப்பு', பாம்பன் பாலத்தின் மேல் நிகழ்த்திய உரை, பிற்பகுதி காற்றில் சிதைந்தது, விடுபட்ட அடிகளைச் சித்தி ஊகித்து நிரப்பினார், அவை இடைச்செருகல் என்று பெரியப்பாவும், மூலத்தை விடக் காரம் குறைவு என்று அத்தையும்).

நெய்தல் திணைக்குத் தடிமனான ஆய்வேடு எழுதிய பேராசிரியர் ஒருவரும் எங்கள் பெட்டியில் இருந்தார். தீர்ப்புக் கேட்டோம். இரண்டு நூல் சொல்லி ஒரு முடிவும் சொல்லவில்லை. பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் விரிந்தபோது சன்னலைச் சாத்திக்கொண்டார். உப்புக்காற்று சேராதாம்.

மறுநாள் குந்துகாலுக்குப் போனோம். 1897இல் விவேகானந்தர் கரையிறங்கிய இடம். குருசடைத் தீவுப் பக்கம் படகு போனது. இடுப்பளவுதான் ஆழமோ என்று தோன்றும்படி தெளிந்த தண்ணீர். அடியில் மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், அதனுள் விரற்கடை நீளத்தில் நீலமாய் ஒரு மீன் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அத்தை குனிந்தவர் நிமிரவே இல்லை. அன்று மதியம் யாருக்கும் பொட்டலம் நினைவுக்கு வரவில்லை.

செலவுக் கணக்கு: சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் பெயர் எழுதிய சங்குக்கும் சோழித் திரைக்கும் போயிற்று. நிகர மிச்சம் இரண்டு பொட்டலம், மூழ்கிய தீவுகளின் எண்ணிக்கைக்குச் சரியாக. அவற்றுள் ஒன்று ஊசிப்போயிருந்தது. அது அத்தை கிளறியதா, சித்தி கிளறியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.