முன்பின் தெரியாத குளத்தில் இராத்தூண்டில்: ஓர் ஆய்வு

1. களம்

தென்காசி வட்டாரத்தில் ஏரி கிடையாது, உள்ளதெல்லாம் குளம். ‘ஏரி எங்கே?’ என்று கேட்பவர் சாரலுக்கு வந்த வெளியூர்க்காரர் என்பது முதற்கண் நிறுவப்படுகிறது. குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக்குளத்தில் சாரல் காலத்தில் படகு விடுகிறார்கள். அது பகலில் உலாப் போவதற்கு. ஆகவே இவ்வாய்வில் அடங்காது. யாம் எடுத்துக்கொண்டது தென்காசிக்குக் கிழக்கே, மச்சானின் சேக்காளி மீன் குத்தகை எடுத்திருக்கும் குளம். குத்தகைக்காரருக்குச் சொல்லாமல் இரவில் தூண்டில் போடுவதும் ஒரு துறைதான்; அதைக் காவல் நிலையத்தார் தனியே ஆராய்ந்து வருகின்றனர்.

2. முன்னோடிகள்

1446இல் தென்காசிக் கோயில் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியரின் குலச் சின்னம் இரட்டைக் கயல். அரச குலமே இரண்டோடு நிறுத்திக்கொண்டதால், இவ்வாய்வின் இலக்கும் இரண்டு மீன் என வரையறுக்கப்பட்டது.

3. கருவிகள்

நாலு பேர் ஏறினால் ஐந்தாவதாகத் தண்ணீர் ஏறும் படகு ஒன்று. கெளுத்திக்கு மண்புழுவும் கோழிக்குடலும். ஜிலேபிக்கு மைதா உருண்டை. இந்த ஜிலேபி, 1952இல் இந்தியாவுக்குள் விடப்பட்ட ஆப்பிரிக்க மீன். பெயர்தான் இனிப்பு, போன குளத்திலெல்லாம் உள்ளூர் மீன்களை நெருக்கித் தள்ளும். மைதா தீர்ந்ததும் பார்டர் புரோட்டா ஒன்று இரையாக முன்மொழியப்பட்டது. அதை ஆய்வாளரே உட்கொண்டதால் மீன்களின் கருத்து பதிவாகவில்லை.

4. ஒலியியல்

‘பேசாதிய அத்தான், மீன் ஓடிரும்’ என்பது மச்சானின் கோட்பாடு. இது பிழை. காற்றில் எழும் பேச்சு நீர்ப்பரப்பில் பட்டு மேலேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்கூட உள்ளே இறங்குவது அரிது. படகின் அடித்தட்டில் விழும் தூக்குச்சட்டியின் கதை வேறு. அந்த அதிர்வு நேரே தண்ணீருக்குள் இறங்கி, நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர், அதாவது காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் பாயும். மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு அருகில் எழும் சிறு அசைவையும் அறியும். எனவே படகில் அரசியல் பேசலாம். கால் மாற்றி உட்காரக் கூடாது. தூக்குச்சட்டியைத் தள்ளிவிட்டவர் யார் என்பது குடும்ப நலன் கருதி மறைக்கப்படுகிறது. அவர் ஆய்வாளர் அல்லர்.

5. திசையியல்

தெரியாத குளத்துக்கு இருட்டில் நாலு கரையும் ஒரே கரை. ‘நடுவில்தான் ஆழம், ஆழத்தில்தான் மீன்’ என்று நடுக்குளம் நோக்கித் துடுப்புப் போட்டோம். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கிழக்கே தள்ளியது. மூன்று முறை போனோம். மூன்று முறையும் திருப்பி அனுப்பியது.

பிழை காற்றினுடையதன்று. இந்தப் பக்கம் நிலம் மலையடியிலிருந்து கிழக்கே சரிகிறது. தண்ணீரை மறிக்கும் கரையைத் தாழ்ந்த பக்கத்தில்தானே போட முடியும்? ஆகவே ஆழம் நடுவில் இல்லை. கரையை ஒட்டி, மடைப் பக்கம் இருக்கிறது. மீன் கிடக்கும் இடத்துக்குச் சும்மா கூட்டிப்போக வந்த காற்றோடுதான் யாம் இரண்டு மணி நேரம் மல்லுக்கு நின்றிருக்கிறோம்.

6. கண்டறிந்தவை

கை ஓய்ந்து துடுப்பை வைத்தோம். படகு தானே நகர்ந்து மடையில் போய் முட்டியது. கரையில் பெரியவர் ஒருவர், இருட்டில் தக்கை தெரியாதென்பதால் தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு குத்தவைத்திருந்தார். பக்கத்து வாளிக்குள் கெளுத்திகள் புரண்டுகொண்டிருந்தன.

‘மடைக்கு வாறதுக்கு எதுக்கு தம்பி படகு?’ என்றார்.

ஆய்வுலகில் இதற்கு இன்னும் விடையில்லை.

7. முடிவு

எம் வாளியில் சேர்ந்த கெளுத்தி: இரண்டு. இலக்கு எட்டப்பட்டது. பிடித்த முறை: பெரியவர் இரக்கப்பட்டுக் கொடுத்தது. விடியற்காலை வீட்டம்மாவிடம் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டபோது, பக்க வரம்பு கருதி, கடைசித் தகவல் மட்டும் நீக்கப்பட்டது.