நோட்டை மூடினால் வராத கணக்கு

நேற்று விழுந்த எண்ணை இன்று பிசகாமல் சொல்லும் சித்தர்கள் பெருகிவிட்டார்கள். யூடியூபைத் திறந்தால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 'கேரளா லாட்டரி கெஸ்ஸிங், நூறு சதம் உறுதி' என்று மஞ்சள் எழுத்தில் போட்டு, ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு என்று கட்டம் கட்டி, போன மாத ரிசல்ட்டையெல்லாம் தங்கள் பார்முலாவில் போட்டுக் காட்டுகிறார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும்? விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் பரீட்சையில் எவன் பெயிலாவான்?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் இந்தச் சித்தர்களின் சீடர் ஒருவரைப் பார்த்தேன். கொத்தனார். கையில் கோடு போட்ட நீள நோட்டு. ஒரு வருஷத்துக் கேரள ரிசல்ட் அத்தனையும் தேதிவாரியாக. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம், அதாவது அந்த ஏ, பி, சி போர்டுகள், மட்டும் சிவப்பு மையில். பிள்ளையின் ரேங்க் கார்டைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருப்பாரா, தெரியாது. சிமென்ட் காய்ந்த விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"பாருங்ணா, செவ்வாக்கெழம 4 வந்துச்சுங்களா? அஞ்சக் கூட்டுனா நாலுக்கு மிரரு 9. வியாழக்கெழம பாருங்க, ஒம்போது நிக்குது. வந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"நடுவில் புதன்கிழமை வரவில்லையே?"

"புதன் தனிங்ணா. அன்னிக்குத் தேதியக் கூட்டோணும்."

வந்த நாளுக்கு ஒரு விதி, வராத நாளுக்கு வேறொரு விதி. சரி, சோதித்துவிடலாம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தைச் செய்தித்தாளால் மறைத்தேன். "மேலே உள்ளதை வைத்துக் கீழே என்ன வந்திருக்கும் என்று சொல்லுங்கள்" என்றேன். என்னைப் பித்துப் பிடித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூடிட்டா எப்படிங்ணா கணக்கு வரும்?"

புள்ளியியல் பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம். மனுஷன் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு அவருக்கு இந்தப் பார்முலாவை விற்றவன் இருக்கிறானே, அவன் கைங்கரியத்தைப் பாருங்கள். தினமும் மூன்று இலக்கங்களைச் சொல்வான். அதில் ஒன்றாவது ஏதாவது ஒரு போர்டில் வந்துவிட்டால் 'இன்றும் பாஸ்' என்று பட்டாசு வெடிப்பான். கண்ணைக் கட்டிக்கொண்டு எந்த மூன்று வெவ்வேறு இலக்கத்தைச் சொன்னாலும் நூறு நாளில் ஏறக்குறைய 66 நாள் பாஸ்தான். ஒரு போர்டில் தப்பும் வாய்ப்பு 0.7, அதை மூன்று முறை பெருக்கினால் 34 சதம், மீதியெல்லாம் அவனுடைய தெய்வசக்தி. ஆனால் மூன்று நம்பர் கட்டியவனுக்குப் பணம் கிடைக்க மூன்றும் வரிசை மாறாமல் விழவேண்டும். அது ஆயிரத்தில் ஒன்று. திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் மதியம் மூன்று மணிக்குச் சுழலும் சக்கரத்துக்கு நேற்று என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது. அந்த விஷயத்தில் அது நம் வாக்காளர் ஜாதி.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அப்புறம் கொத்தனார் எங்கே கட்டுகிறார் என்று கேட்காதீர்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், போலீசைத் தவிர. அவ்வப்போது அவர்களுக்கும் தெரிந்துவிடும். மறுநாள் பேப்பரில் படம் வரும்: மேசைமேல் நாலு செல்போன், கொஞ்சம் ரூபாய் நோட்டு, பின்னால் தலை குனிந்து நிற்கும் ஒரு சில்லறை ஆள். முதலாளி எந்தப் படத்திலும் விழமாட்டார்.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி குடும்பமே போனது. புருஷன், பெண்டாட்டி, மூன்று பெண் குழந்தைகள். மூன்று நம்பர் லாட்டரியை ஒழியுங்கள் என்று வீடியோவில் கெஞ்சிவிட்டுத்தான் அந்த மனிதர் செத்தார். தடை வந்து பதினாறு வருஷம் கழித்து, தடை செய்யச் சொல்லி ஒருவன் சாகவேண்டியிருந்தது! அதற்கப்புறம் சில நாள் ரெய்டு நடந்தது. பிறகு வழக்கம்போல் மணி மூன்றானது.

1968இல் அரசே பரிசுச் சீட்டு விற்றபோது 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார் அண்ணா. நாட்டுக்கு என்று சொல்லிக்கொள்ளும் கூச்சமாவது அன்றைக்கு இருந்தது. 2024 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் அதட்டிய பிறகு, தேர்தல் பத்திரக் கணக்கு வெளியே வந்தது. இந்தியாவிலேயே அதிகமாகப் பத்திரம் வாங்கியது இரும்பு கம்பெனியா, சிமென்ட் கம்பெனியா? பியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி கம்பெனி; 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி, லாட்டரி கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் இந்த மாநிலத்தை அப்போது ஆண்டுகொண்டிருந்த திமுகவுக்கு. வெளி மாநிலங்களில் சட்டப்படி விற்ற சீட்டு, சட்டப்படி வாங்கிய பத்திரம். இங்கே விற்றால் பாவம். அங்கே விற்ற காசு இங்கே வந்தால் நன்கொடை.

பழைய குலுக்கல் எதை வேண்டுமானாலும் எடுங்கள், எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் மூடுங்கள், தோற்காத சிஸ்டம் இது ஒன்றுதான் என்று கொத்தனாரிடம் படபடவென்று கொட்டினேன். டீயை ஆற்றியபடி பொறுமையாகக் கேட்டார்.

"எத்தன கோடின்னீங்க?"

"ஐந்நூற்று ஒன்பது."

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். நோட்டில் சிவப்பு மையில் 509 என்று எழுதினார். பக்கத்திலேயே ஏதோ போட்டு அடித்து, மறுபடி எழுதினார்.

"இதுக்கு மிரரு 054 வருதுங்ணா" என்றார். கடைச் சுவரில் மணி இரண்டரை. "டைம் இருக்குதுங்க."