உப்புத்தண்ணீர்க் காணிக்காரன்: பூவரசங்குளத்தில் கும்பிடுபூச்சி இறால் வளர்ப்புப் பற்றிய ஓர் ஆய்வு

1. நோக்கமும் கருதுகோளும்

பூவரசங்குளத்தில் கடல் இல்லை. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் வருபவர் வயலைக் காண்பார், காட்டைக் காண்பார், குளக்கட்டைக் காண்பார். உப்புக்காற்று அவர் மூக்கில் படாது. மேற்கே மன்னார், கிழக்கே கொக்கிளாய். கடல் பார்க்க எந்தப் பக்கம் போவதென்றாலும் பஸ் ஏறத்தான் வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் கடல் வைத்திருக்க விரும்பினால், அது விலங்கியல் சம்பந்தப்பட்ட விடயமா, அல்லது அவருடைய மூளை சம்பந்தப்பட்ட விடயமா என்ற கேள்வி எழுவது இயல்பு. இரண்டாவது துறையில் வீட்டுக்காரரின் மனைவியும் மாமியாரும் ஏற்கெனவே ஆழமான ஆய்வுகள் செய்து முடித்திருப்பார்கள். எனவே இக்கட்டுரை முதலாவதுடன் நின்றுகொள்கிறது.

ஆய்வுப் பொருள் கும்பிடுபூச்சி இறால். பெயரில்தான் இறால். உண்மையில் இது ஸ்ரொமற்றோபொடா என்னும் தனி வருணத்தைச் சேர்ந்தது. நாம் கறிவைக்கும் இறாலின் வழியிலிருந்து ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துபோன பங்காளி. 450க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. முன்கால்களைக் கும்பிடுவதுபோல மடித்து வைத்திருக்கும். கும்பிட்டுக்கொண்டு வருபவரை நம்பக்கூடாது என்பது தேர்தல் காலத்தில் மட்டும் செல்லுபடியாகும் விதியல்ல என்பதற்கு இவ்விலங்கு சான்று. மடித்த காலை விரித்தால் சில இனங்கள் குத்தும், சில இனங்கள் அடிக்கும். குத்துவன சேற்றிலும் மணலிலும் வளை தோண்டி மீனுக்குக் காத்திருக்கும். அடிப்பன பவளப் பாறைப் பொந்துகளில் குடியிருந்து நண்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்னும்.

இக்கட்டுரை நிறுவ முயலும் கருதுகோள் இது: கும்பிடுபூச்சி இறால் பிறப்பால் கடல்வாழி, குணத்தால் காணிக்காரன். ஆதலால் அது வன்னிக்கு அந்நியமானதல்ல.

2. முன்னோர் ஆய்வுகள்

1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். முத்துச் சிப்பிகள் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமற் போகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அரசாங்கம் கேட்டது முத்தைப்பற்றி. விஞ்ஞானிகளோ வலையில் ஏறிய அத்தனையையும் போத்தலில் போட்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெரிய அறிக்கையின் ஒரு பகுதியாக, அங்கு அகப்பட்ட கும்பிடுபூச்சி இறால்களை ரற்றர்சால் என்பவர் 1906இல் விவரித்தார். 1913இல் ஸ்ரான்லி கெம்ப், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பை வைத்து, இந்து-பசுபிக் கடல்களின் கும்பிடுபூச்சி இறால்களுக்கு ஒரு முழு நூலே எழுதினார்.

இவ்விருவருடைய உழைப்பையும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இதே விலங்கைப் பூவரசங்குளத்து விறாந்தையில் வளர்க்க முடியுமா என்ற அடிப்படை வினாவை இருவருமே எழுப்பத் தவறியுள்ளனர். அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் பணிவான நோக்கம்.

3. நிருவாகச் சிக்கல்

வன்னியில் எந்தக் குளத்துக்கும் ஓர் அதிகாரி உண்டு. 80 ஹெக்ரேயருக்கு மேல் வயல் பாய்ச்சும் குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களம் போன்ற பெரிய கைகளுக்குப் போகும். அதற்குக் குறைந்தவை சிறு குளங்கள்; கமநலத் திணைக்களத்தின் பொறுப்பு. நமது கண்ணாடித் தொட்டி 200 லீற்றர் கொள்ளும். பாய்ச்சும் வயல் பூச்சியம். பூச்சியம் 80ஐ விடக் குறைவு என்பதால் தொட்டி சட்டப்படி சிறு குளமாகிறது. எனவே கமக்கார அமைப்பின் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றாமல் இதன் தண்ணீரைத் திறந்துவிட முடியாது. துருசு எங்கே, வான் எங்கே என்று கேட்டு வருபவருக்குக் காட்டுவதற்காகவாவது ஒரு மேல்வழிவுக் குழாய் பொருத்திவைப்பது நல்லது.

4. நீரியலும் உப்பியலும்

கடல்நீர்த் தொட்டிக்கு எந்த நீரும் சரிவராது. கிணற்றுநீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் இருந்தால் பாசி பிடிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது செம்பு. இவ்விலங்கின் குருதியில் ஒட்சிசனைச் சுமப்பதே செம்புதான். ஆனால் தண்ணீரில் சிறிதளவு செம்பு கரைந்திருந்தாலும் செத்துப்போகும். ஆகவே வந்த விருந்தாளிக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கும் நம் பண்பாட்டை இந்த ஒரு விருந்தாளி விடயத்தில் தளர்த்தியே ஆகவேண்டும். பிளாஸ்ரிக் வாளிதான் மரியாதை.

மேலைநாட்டில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்கள், தண்ணீரிலுள்ள உப்புகளையும் உலோகங்களையும் வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டுகிறார்கள். சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியா மாவட்டத்தின் கிராமங்களுக்கே ஆர்.ஓ. தண்ணீர் வந்துவிட்டது. மனிதனைக் காப்பாற்ற வந்த தண்ணீர் கடல்வாழிக்கும் பொருந்திப்போனது துயரத்தின் நடுவே கிடைத்த ஒரு தற்செயல். ஆனால் குடிதண்ணீருக்கு ஆட்கள் கானோடு வரிசையில் நிற்கையில், "இது இறாலுக்கு" என்று உரக்கச் சொல்வது ஆய்வாளரின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல.

அடுத்தது உப்பு. ஆனையிறவு உப்பும் மன்னார் உப்பும் கடலிலிருந்துதானே வருகின்றன, அதையே கரைத்துவிட்டால் என்ன என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். உப்பளத்தில் சோடியம் குளோரைட்டு படிந்ததும் மிச்சக் கசப்புநீரை வடித்துவிடுவார்கள். மகனீசியம் அதோடு போய்விடும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மகனீசியமும் 400 மில்லிகிராம் கல்சியமும் இருக்கின்றன. ஓடு கழற்றிப் புது ஓடு கட்டும் விலங்குக்கு இவை இல்லாமல் முடியாது. கறியுப்பில் கடல் செய்ய முடியாது, கறிதான் செய்யலாம்.

செறிவை அளப்பதில்தான் வன்னியின் மரபு அறிவு நவீன விஞ்ஞானத்துடன் நேரடியாக மோதுகிறது. விதைநெல்லில் பதர் பிரிக்க, முட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்புக் கரைப்பது நம்மவர் முறை. புது முட்டை மிதக்கவேண்டுமென்றால் தண்ணீரின் ஒப்படர்த்தி கடல்நீரைவிட நன்றாக ஏறவேண்டும். தொட்டிக்கு வேண்டியது 1.025 மட்டுமே, அதில் புது முட்டை தாழும். முட்டை மிதந்தால் இறாலும் மிதக்கும், மல்லாக்க.

உப்புநீர் தயாரானதும் இறாலை விடலாமென்றால் அதுவும் இல்லை. கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் குடியேற 4 முதல் 6 கிழமைகள் வேண்டும். அதுவரை தொட்டியில் தண்ணீரும் கல்லும் மட்டுமே இருக்கும். ஊரார் வந்து பார்ப்பார்கள். "எங்க தம்பி உன்ர றால்?" என்று கேட்பார்கள். பற்றீரியா வளர்கிறது என்ற விடையை வீட்டார் காதில் விழாமல் சொல்லவேண்டும்.

5. வெப்பமும் மின்சாரமும்

இவ்விலங்குக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் போதும். பூவரசங்குளத்து வெயிலுக்கு அது போதாது. குளிராக்கி வாங்கும் செலவில் ஒரு பசுமாடு வாங்கலாம் என்று கணக்குச் சொல்பவர்கள் இருப்பதால், நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி பூட்டுவதே நடைமுறை. காற்றுப் பட்டால் நீர் ஆவியாகிக் குளிரும். நீர் போகும், உப்பு போகாது; அதனால் குறைந்த அளவை உப்பில்லாத நீரால்தான் நிரப்பவேண்டும். கடலுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றும் ஒருவரை அயலவர்கள் எவ்வாறு நோக்குவார்கள் என்பதைச் சமூகவியலாளர் ஆராயட்டும்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. காற்றுப்பம்பி நின்றால் நீரில் ஒட்சிசன் குறையும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஆலோசனை கேட்கலாம். ஆனால் இறாலுக்காக இரவிரவாகப் பெடல் மிதிக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது.

6. கண்ணாடியின் நிலை

ஷீலா பற்றெக்கும் கூட்டாளிகளும் 2004இல் மயில் கும்பிடுபூச்சி இறாலின் அடியை அளந்தார்கள். வேகம் செக்கனுக்கு 23 மீற்றர் வரை, அதாவது மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல். மன்னார் வீதியில் இந்த வேகத்துக்குப் பொலிஸ் மறிக்கும். இது தண்ணீருக்குள் போகும் வேகம். காலின் மூட்டிலுள்ள சேணம் போன்ற ஓடு வில்லாக வளைந்து, பூட்டு விலகியதும் சக்தி முழுவதும் ஒரே தடவையில் விடுபடுகிறது. விசை 1,500 நியூற்றன் வரை. ஏறத்தாழ மூன்று யூரியாப் பைகளின் பாரம், ஒரு சாண் நீளமும் இல்லாத உடம்பிலிருந்து. அடியின் வேகத்தில் நீரில் குமிழிகள் தோன்றி வெடிப்பதால், கால் திரும்பிய பிறகும் இரண்டாவது அடி விழும். முதல் அடிக்குத் தப்பிய நண்டு இரண்டாவதை யார் அடித்தது என்று தெரியாமலே போய்ச்சேரும்.

1998இல் இங்கிலாந்தின் கிரேற் யாமத் கடல்வாழ் காட்சிக்கூடத்தில் ரைசன் என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்று, கால் அங்குலக் கண்ணாடியை உடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஆகவே தடித்த அக்கிரிலிக் தொட்டி நல்லது. அடித்தளத்துக்கு இன்னொரு தகடு போட்டால் இன்னும் நல்லது. அத்தொட்டியில் வேறெவரையும் குடிவைக்கக்கூடாது. அழகுக்கென்று விடும் நத்தையும் துறவி நண்டும் அதன் பார்வையில் அழகல்ல, இரவுச் சாப்பாடு.

7. வேலிச் சாத்திரம்

இனி ஆய்வின் மையப் பகுதி. இவ்விலங்கு உயிரைக் கொடுத்துக் காப்பது பொந்தை. பாறையில் நல்ல பொந்துகள் குறைவு, தேவைப்படுவோர் அதிகம். ஒன்று உள்ளே இருக்கும், இன்னொன்று வாசலில் வந்து நிற்கும். வேலிக் கதியால் ஓரடி தள்ளி நடப்பட்ட அன்று காலையில் இரண்டு வளவுக்காரர் எப்படி நிற்பார்களோ அப்படியே நிற்கும். பேமிற் காணியோ உறுதிக் காணியோ என்ற கேள்வி மட்டுந்தான் அங்கே இல்லை.

முதலில் மிரட்டல். முன்கால்களை அகல விரித்து, அவற்றின் உட்புறத்திலுள்ள நிறப்பொட்டைக் காட்டும். ஓடு கழற்றிய புதிதில் உடம்பு மெதுவாக இருக்கும்; அடித்தால் அடித்தவருக்கே காயம். அந்த நேரத்திலும் காலை விரித்து மிரட்டும் என்று ஸ்ரெகரும் கோல்ட்வெல்லும் 1983இல் காட்டினார்கள். கையில் உறுதி இல்லாதவர் வேலியடியில் குரலை உயர்த்தும் முறை கடலுக்குள்ளும் நடப்பில் உள்ளது என்பது இதனால் தெளிவு.

மிரட்டல் பலிக்காவிட்டால் அடி. இங்கேதான் மனிதன் கவனிக்கவேண்டிய நாகரிகம் இருக்கிறது. அடிவாங்குவது வாலை முன்னே சுருட்டிக் கேடயமாக்கிக் கிடக்கும். அடிப்பது அந்தத் தடித்த வாற்கவசத்தில்தான் அடிக்கும். தலை, கண், மெதுவான வயிறு எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்க, தாங்கக்கூடிய இடத்தில் மாறிமாறி அடிக்கின்றன. கிறீனும் பற்றெக்கும் 2015இல் உடலளவு ஒத்த சோடிகளை மோதவிட்டுப் பார்த்தார்கள். வென்றது பலமாக அடித்தது அல்ல, அதிக தடவை அடித்தது. கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவையாளர் வீட்டுக்கும் அதிக தடவை நடந்தவரே கடைசியில் காணியை எடுப்பார் என்ற நம் ஊர் விதிக்கு இதைவிட உறுதியான பரிசோதனைச் சான்று கிடைக்கவில்லை.

தோற்றது போய்விடும். போவதோடு நிற்காமல், வென்றதின் மணத்தையும் நினைவில் வைத்திருக்கும். அந்த மணம் வரும் பொந்தைப் பிறகு நெருங்கத் தயங்கும் என்பது றோய் கோல்ட்வெல்லின் இன்னொரு கண்டுபிடிப்பு. பெட்டிசம் இல்லை, மேன்முறையீடு இல்லை, பிள்ளைகளின் கலியாணத்தில் சபை குழப்புவது இல்லை. கருதுகோள் சற்றே ஆட்டம் காணும் இடம் இது. குணத்தால் காணிக்காரன் என்றோம். தோற்றபின் நடத்தையில் காணிக்காரனை விட ஒருபடி மேல் என்று திருத்திக்கொள்ளவேண்டும்.

இரவானதும் பொந்தின் வாயைக் கல்லாலும் சிப்பியாலும் அடைத்துவிட்டு உள்ளே இருக்கும். பங்கர் வெட்டி அதற்குள் இருந்து பழகிய சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொட்டியில் நல்ல குழாயும் உடைகல்லும் போட்டு, ஒளிய இடம் கொடுத்தால்தான் அது வெளியே வரும். இடம் இல்லாவிட்டால் அடங்கிக் கிடந்து தின்னாமல் போகும்.

8. எதிர்வாதங்களும் மறுப்பும்

முதலாவது எதிர்வாதம்: "அதுக்குப் பன்ரெண்டு நிறம் தெரியுமாம், எங்கட ஊரில பார்க்க என்ன கிடக்கு?" நிறம் உணரும் வாங்கிகள் நமக்கு மூன்று வகை, அதற்குப் பன்னிரண்டு என்பது உண்மை. ஆனால் 2014இல் வெளியான சோதனையில், நெருங்கிய இரு நிறங்களை வேறுபடுத்துவதில் அது மனிதனைவிடப் பின்தங்கியது. மாம்பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் வித்தியாசம் சொல்லிச் சேலையைத் திருப்பிக் கொடுக்கும் அத்தையிடம் அது தோற்கும்.

இரண்டாவது: "கறிக்குக் காணுமோ?" யப்பானிலும் இத்தாலியிலும் விரும்பித் தின்கிறார்கள். ஆனால் இவ்வளவு உப்பும் தண்ணீரும் மின்சாரமும் தின்ற ஒன்றைக் கறிவைத்தால் ஒரு வாய் என்ன விலைக்கு வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்கவும்.

மூன்றாவது: "கடலில கிடந்ததை ஏன் கொண்டுவந்தாய்?" இதற்கு மறுப்பு இல்லை.

9. பரிந்துரைகள்

அ. இவ்விலங்கைத் தேடிப் பவளப் பாறையை உடைக்கக்கூடாது. பவளத்தைச் சட்டம் காக்கிறது. கல்லை உடைத்தால் போவது நூறு உயிர்களின் பொந்து.

ஆ. உணவுக்கு மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வரும் மீன்காரரை நம்பலாம். ஆனால் வாங்கும் இறால் யாருக்கு என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டும்.

இ. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைகளுக்கு ஆளுக்கொரு தொட்டி வழங்கலாம். எல்லைத் தகராற்றுக்காரர் இருவரையும் பேசவிடுமுன் அரை மணித்தியாலம் அதன் முன்னே இருத்தவேண்டும்.

ஈ. எக்காரணம் கொண்டும் தொட்டியை வேலியோரத்தில் வைக்கக்கூடாது. கண்ணாடி உடைந்து 200 லீற்றர் உப்புநீர் பக்கத்து வளவு வாழைக்குப் பாய்ந்தால், அடுத்த வழக்கு எந்த இறாலாலும் தீர்க்க முடியாதது.