உப்புக்குச் சீட்டு படிக்கத் தெரியாது

இன்னா நைனா, கடை வாசல்ல புதுப் பலகை மின்னுது! ‘ஐ.எஸ்.ஓ. 9001’னு போட்டுகீற. பழவேற்காட்டுல ஜல்லி, கம்பி விக்கறதுக்கு ஜெனீவாவுல இருந்தா சீட்டு வந்துது? ஐ.எஸ்.ஓ.காரன் விதிதான் எழுதுவான், சீட்டு யாருக்கும் குடுக்கறதில்ல. குடுக்கறவன் வேற கம்பெனிக்காரன். அந்தச் சீட்டும் நீ கடை நடத்தற முறைக்குத்தான். சரக்குக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைன்னு தனியா கீது. தெரிஞ்சிதான் காசு கட்டினியா?

தரக் கையேடுன்னு தடியா ஒரு புத்தகம் வேற. பொரட்டிப் பாத்தேன். ‘வடிவமைப்புப் பிரிவுத் தலைவர்’ கையெழுத்து போடணுமாம். கடையில கீறது நீ, உன் மச்சான், லோடு எறக்க ரெண்டு பேரு. இதுல எவன்டா அந்தத் தலைவரு? யாரோ ஆலோசகர் பம்பு கம்பெனிக்கு எழுதினதுல பேரை மாத்தி உன் தலையில கட்டிட்டான். தடிப் புத்தகம் கட்டாயங்கறதை 2015லயே எடுத்துட்டாங்க. உன் தொழிலுக்கு வேண்டியதை எழுதி வெச்சா போதும்.

உன் தொழிலுக்கு இன்னா வேணும்? அந்தாண்ட கடலு, இந்தாண்ட ஏரி. உப்புதான் உனக்கு எதிரி. நீ இன்னாடான்னா கம்பியை வெறுந்தரையில போட்டுகீற. கட்டை வெச்சுத் தூக்கு, தார்ப்பாய் மூடு. மணல் லாரி வந்தா ஒரு சிட்டிகை நாக்குல வை. கரிச்சா வந்த வழியே திருப்பு. சந்தேகமா கீதா, லேபுக்கு அனுப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுல கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு தாண்டக் கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்திய விதி ஐ.எஸ். 456 சொல்லுது. கடல் தண்ணியில கலக்காதன்னும் அதுலயே கீது.

சிமெண்டு மூட்டையை சாண் உயரப் பலகை மேல, சுவத்தை விட்டுத் தள்ளி அடுக்கு. பத்து மூட்டைக்கு மேல ஏத்தாத. முன்ன வந்தது முன்ன போவணும். மூணு மாசம் தாண்டினதை சோதிக்காம விக்காத. வந்த தேதியை சாக்பீஸால எழுது. சிமெண்டுக்கு எழுத்து வேலை அவ்ளோதான்.

நம்ம கோட்டைக்குப்பத்துல மீன்காரங்க ஏரியில முறை வெச்சு வலை போடற பாடு முறை கீதே, அதுக்கு எந்த ஆலோசகர் வந்தான்? இன்னிக்கு எந்தப் பாட்டுல யாரு வலை போடணும்னு பொடிப்பய கூட சொல்லுவான். முறை தப்பினா ஊர்ல கேப்பாங்க. உன் கடையில மணலை யாரு பாத்ததுன்னு கேட்டா, நீ மச்சானைக் காட்டற. மச்சான் பலகையைக் காட்டறான்!

ஒரு நோட்டு வாங்கு. லாரி நம்பர், தேதி, பாத்தவன் பேரு, திருப்பினா இன்னாத்துக்குன்னு எழுது. வாங்கினவன் வந்து சத்தம் போட்டா அதையும் எழுது. வெக்கப்படாத. ஆறு மாசம் போவட்டும், எந்த வியாபாரி உன்னை ஏமாத்தறான்னு நோட்டே சொல்லும். அப்பால ஆடிட்டர் வந்தா, எறா வறுவலோட விருந்து வெக்கற செலவு மிச்சம். நோட்டை நீட்டு, ஒரு டீயோட அனுப்பிடலாம்.