சுழலும் உண்டியல்

பிளைவீலின் வேலை என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– மாணவி, பொல்பிட்டிய

உண்டியல் வேலை. நாலு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சம்பளம். மிச்ச நேரமெல்லாம் பிளைவீல் என்னும் கனமான சில்லில் போட்டு வைத்ததை எடுத்துத்தான் அது ஓடுகிறது.

அமெரிக்காவில் புல்வெட்டும் குட்டி டிரக்டரை வைத்துப் பாரம் இழுக்கும் போட்டி நடக்கிறதாமே?
– வாசகர், நோட்டன் பிரிட்ஜ்

நடக்கிறது. பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் ஒரு எடைப்பெட்டி இருக்கும். டிரக்டர் போகப் போக அது முன்பக்கம் நகர்ந்து வண்டியை மண்ணில் அழுத்தும். ஒவ்வொரு அடியும் முந்தின அடியைவிடக் கஷ்டம். அதிக தூரம் இழுத்தவருக்கு வெற்றி.

அவர்கள் பிளைவீலில் என்ன மாற்றுகிறார்கள்?
– மெக்கானிக், ஹட்டன்

வார்ப்பிரும்புச் சில்லைக் கழற்றிவிட்டு, உருக்கு அல்லது அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்த சில்லைப் பூட்டுகிறார்கள். காற்று வீசும் இறகுகளையும் பலர் எடுத்துவிடுகிறார்கள். ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் எஞ்சின் சூடேற நேரமில்லை. மணிக்கணக்கில் ஓடும் உங்கள் தண்ணீர்ப் பம்பில் அந்த இறகைத் தொடாதீர்கள். அதன் மூச்சே அதுதான்.

வார்ப்பிரும்பு பலமானதுதானே, ஏன் மாற்ற வேண்டும்?
– வாசகர், மஸ்கெலியா

நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சுழற்சி செய்வது இழுக்கிற வேலை. 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு நிமிடத்துக்கு 3600 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 170 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அங்கே உள்ள ஒரே ஒரு கிராம் இரும்பைப் பிய்த்துக்கொண்டு போகவிடாமல் பிடிக்க, 1.8 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் பலம் வேண்டும். வேகத்துக்குக் கடிவாளமான கவர்னரைக் கழற்றி வேகத்தை இரட்டித்தால் அது 7 கிலோவைத் தாண்டும். வேகம் இரு மடங்கு, இழுப்பு நான்கு மடங்கு. அதனால்தான் போட்டி வண்டிகளில் சில்லைச் சுற்றி உருக்குக் கவசமும் போடுகிறார்கள்.

கினிகத்தேனை ஏற்றத்தில் என் ஓட்டோ திணறுகிறது. கனமான பிளைவீல் போடலாமா?
– ஓட்டோ சாரதி, கினிகத்தேனை

வேண்டாம் அண்ணே. மேலே சொன்ன சில்லின் விளிம்பிலேயே 5 கிலோவை வைத்தாலும், 3600 சுற்றில் அது சேர்த்த சக்தி முழுவதும் செலவானால் 400 கிலோ வண்டி 1.4 மீற்றர் உயரும். அத்தோடு உண்டியல் காலி, ஏற்றமோ அப்படியே மிச்சம். போட்டிக்காரருக்குப் புறப்படும் நொடியில் அந்தச் சேமிப்பு உதவும். உங்களுக்கு உதவுவது சின்னக் கியரும் குறைந்த பாரமும்தான்.

பங்களாப் புல்வெட்டியின் பிளேட் கல்லில் அடித்தது. அதன்பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சின் போய்விட்டதா?
– தோட்டத் தொழிலாளி, தலவாக்கலை

பெரும்பாலும் போயிருக்காது. முதலில் பிளக் வயரைக் கழற்றி வையுங்கள். பிறகு பிளைவீலைக் கழற்றி அதன் கீயைப் பாருங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால், சில்லிலுள்ள காந்தம் இடம் மாறி, தீப்பொறி தப்பான நேரத்தில் விழும். தான் உடைந்து எஞ்சினைக் காக்கும் சின்னத் துண்டு அது. அதே வகைக் கீயையே வாங்கிப் போடுங்கள், ஆணியை வெட்டிச் சொருகாதீர்கள். சில்லை இறுக்கிப் பிடிப்பது கீ அல்ல, கூம்பான தண்டும் நட்டும். தண்டில் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

பழைய வார்ப்புச் சில்லை லேத்தில் கொடுத்து மெலிதாக்கினால் எஞ்சின் சீறுமே?
– இளைஞர், கொட்டகலை

சீறும் தம்பி, ஒரு நாள் சிதறவும் செய்யும். மண்பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பாரே, அதுபோல் சில்லைத் தொங்கவிட்டுத் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் வெடிப்பு இருக்கலாம், ஒதுக்கிவிடுங்கள். மணிபோல் ஒலித்தாலும் கடையாதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் சிக்காத வெடிப்பும் உண்டு. சில்லு ஒன்று வாங்கலாம், கண் வாங்க முடியாது.

நம் பொல்பிட்டிய மின்னிலையத்திலும் பிளைவீல் உண்டா?
– மாணவர், பொல்பிட்டிய

1969இலிருந்து இயங்கும் அந்த நிலையத்தில் சுழலும் ரோட்டர்களே பிளைவீல்தான். எங்காவது ஒரு பெரிய இணைப்பு அறுந்தால், மற்ற எந்திரங்கள் சுதாரிக்கும்வரை மின் வலையமைப்பு சில நொடிகள் தாக்குப்பிடிப்பது இப்படிச் சுழலும் கனத்தால்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டது. வெயில் மின்சாரம் மிகுந்து, வலையமைப்பில் சுழலும் கனம் குறைந்திருந்ததையும் இலங்கை மின்சார சபை ஒரு காரணமாகச் சொன்னது. புல்வெட்டியானாலும் மின்னிலையமானாலும், அவசரத்துக்குக் கைகொடுப்பது முன்பே சேர்த்து வைத்த சுழற்சிதான்.